கங்காதேவி எந்த நாட்டு அரசி?

மதுரா விஜயம் பாடிய கங்காதேவியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டுரை அவரைத் தெலுங்கு அரசி என்கிறது, இன்னொன்று கன்னட அரசி என்கிறது. அவர் பாடியதோ மதுரையைப் பற்றி, பாடிய மொழியோ வடமொழி. அப்படியானால் அவர் யார், எப்படி வாழ்ந்தார், தமிழ் பேசும் நமக்கு அவர் என்ன உறவு என்பது உங்கள் கேள்வி. பலமநேரில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர் நீங்கள். சித்தூரில் அதே இரட்டை வாழ்க்கை வாழ்ந்துகொண்டு பல ஆண்டுகள் வடமொழி கற்பித்தவன் நான். ஆகவே இந்தக் கேள்வி எனக்கும் பழைய கேள்விதான். அவரை ஏதாவது ஒரு மொழிக்காரராக ஆக்க முயன்றால் காவியத்தில் பாதி நம் கையை விட்டு நழுவிவிடுகிறது என்பதே நான் கண்டது. இனி விரிவாகச் சொல்கிறேன்.

விஜயநகரம் 1336இல் எழுந்தது. அதன் முதல் தலைமுறை அரசர்களில் ஒருவரான முதலாம் புக்கர் 1356 முதல் 1377 வரை ஆண்டார். அவருடைய மகன் குமார கம்பணர். கம்பணரின் தேவி கங்காதேவி. மதுரையை ஆண்ட சுல்தான்களை நோக்கிக் கணவர் நடத்திய தென்திசைப் படையெடுப்பை அவர் ஒன்பது சர்க்கங்கள், அதாவது ஒன்பது பகுதிகள் கொண்ட காவியமாகப் பாடினார். மதுரா விஜயம் என்றும் வீரகம்பராய சரிதம் என்றும் அதற்கு இரண்டு பெயர்கள். அவர் தம் வாழ்க்கை வரலாற்றைத் தனியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் காவியத்தின் தொடக்கத்தில் முன்னோர்களான கவிஞர்களை ஒவ்வொருவராக வணங்கும் பகுதி இருக்கிறதே, அதை நிதானமாகப் படித்தால் அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கல்வி கற்றார் என்பது தெரிந்துவிடும்.

வால்மீகி, வியாசர், காளிதாசர், பாணர், பாரவி, தண்டி, பவபூதி என்ற வரிசை எந்த வடமொழிக் காவியத்திலும் எதிர்பார்க்கக்கூடியதுதான். காளிதாசருக்கு அடிமையாகாத கவிஞர் யார், இன்றைக்கும் எல்லோரும் அவருடைய பொருளை வைத்துத்தானே பிழைக்கிறார்கள் என்று கேட்கிறார். பாரவியைப் பற்றிச் சொல்வது இன்னும் நுட்பமானது. கசக்கக் கசக்க மணம் வெளிப்படும் மகிழம்பூ மாலையைப் போன்றது பாரவியின் வாக்கு என்கிறார். மகிழம்பூவைக் கோத்துச் சூடியவர்களுக்கு இந்த உவமையின் அருமை புரியும். மல்லிகை வாடினால் மணமும் போய்விடும். மகிழம்பூ காய்ந்து சருகான பிறகும் விரலில் நசுக்கினால் மணக்கும். முதல் வாசிப்பில் கடினமாகத் தோன்றி, உழைக்க உழைக்க இனிக்கும் ஒரு கவிஞரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் சொல்ல, பூவையும் புத்தகத்தையும் ஒரே அளவுக்குக் கையாண்ட ஒருவரால்தான் முடியும்.

அந்த வரிசை அதற்கு மேல் எதிர்பாராத திசையில் திரும்புகிறது. திக்கனரின் வாக்கு நிலவொளி போன்றது, தாகம் கொண்ட கவிஞர்கள் சகோரப் பறவைகளைப் போல அதைப் பருகுகிறார்கள் என்று ஒரு பாட்டு. திக்கனர் 13ஆம் நூற்றாண்டில் நெல்லூரில் வாழ்ந்தவர். மகாபாரதத்தின் 15 பருவங்களைத் தெலுங்கில் பாடியவர். வடமொழிக் காவியம் ஒன்றின் முகப்பில், காளிதாசரும் பாணரும் நிற்கும் அதே பந்தியில், தெலுங்கில் பாடிய ஒருவருக்கு இலை போடுகிறார் கங்காதேவி. தொடர்ந்து அகஸ்தியர், கங்காதரர், விசுவநாதர் என்ற மூவரைப் போற்றுகிறார். இவர்கள் வாரங்கல் காகதீய அரசவையின் புலமை மரபைச் சேர்ந்தவர்கள். இந்த அகஸ்தியர் பொதிகைமலை முனிவர் அல்லர், அதே பெயருடைய கவிஞர். விசுவநாதரைப் பற்றி, அவருடைய அருளால் என்னைப் போன்றவர்களிடத்தும் அறிவு ஒளிர்கிறது என்று நன்றியோடு சொல்வதால், அவரையே கங்காதேவியின் ஆசிரியராகக் கொள்கிறார்கள்.

வாரங்கல் 1323இல் தில்லிப் படையிடம் வீழ்ந்தது. ஓர் அரசு விழும்போது அதன் புலவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்த நிழலைத் தேடிப் போகிறார்கள். துங்கபத்திரைக் கரையில் புதிதாக எழுந்த விஜயநகர அரண்மனை அப்படி ஒரு நிழலாக இருந்தது. இடம்பெயர்ந்து வந்த ஒரு கல்வியின் மாணவி கங்காதேவி. அவரைத் தெலுங்கர் என்பவர்களுக்கு இதுதான் வலுவான ஆதாரம், அதை நான் ஏற்கிறேன். ஆனால் அவர் மருமகளாக வாழ்ந்தது கன்னட நாட்டு அரண்மனை. முதல் சர்க்கத்தில் பம்பையையும் விரூபாக்ஷரையும் விஜயநகர மாடங்களையும் அவர் வருணிக்கும் பாட்டுகளில் தெரிவது, புகுந்த வீட்டைத் தன் வீடாகவே ஆக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் பெருமிதம். கன்னடர்கள் உரிமை கொண்டாடுவதிலும் பிழை இல்லை.

மூன்றாம் சர்க்கத்தில் புக்கர் மகனை அழைத்து, இளமையின் செருக்கைப் பற்றி எச்சரித்து, முதலில் தொண்டை நாட்டை வெல், பிறகு மதுரையை நோக்கிப் போ என்று அனுப்புகிறார். நான்காம் சர்க்கத்தில் படை புறப்பட்டு ஐந்தாறு நாளில் கண்டகானனம் என்ற ஊரை அடைகிறது. உங்கள் ஊரிலிருந்து மேற்கே பெங்களூர் சாலையில் போனால் வரும் முளபாகல்தான் அது; அன்றைய பெயர் முளுவாய். இன்று கன்னடர்கள் அந்தப் பெயரைக் கிழக்கு வாசல் என்று விளக்குகிறார்கள். கங்காதேவி அதில் 'முள்' என்ற ஒலியைக் கேட்டு, அதை வடமொழியில் 'கண்டகம்' என்று பெயர்த்து, முட்காட்டு நகரமாக்கிவிட்டார். தமிழில் முள், கன்னடத்தில் முள்ளு, தெலுங்கில் முல்லு. ஊர்ப்பெயரை இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு வடமொழிப் புலமை மட்டும் போதாது. தெருவில் பேசப்படும் மொழி காதில் ஏறியிருக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையைப் பற்றிய எந்த வரலாற்று வாதத்தையும் விட இந்த ஒரு சொல் எனக்கு அதிகம் சொல்கிறது.

முளபாகலிலிருந்து படை விரிஞ்சிபுரத்துக்கு வருகிறது. வேலூர் பக்கம், பாலாற்றங்கரையில், வழித்துணைநாதர் கோயில் கொண்ட அதே விரிஞ்சிபுரம்தான்; திருவிரிஞ்சை மதிலழகு என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த ஊர். அங்கே சம்புவராயர் படையோடு போர் நடக்கிறது. தோற்ற சம்புவராயர் ராஜகம்பீர மலைக்கோட்டைக்குள் புகுந்துகொள்கிறார். அது படைவீட்டுப் பக்கத்து மலை. கம்பணரின் படை கோட்டையை முற்றுகையிட்டு ஏறுகிறது. நேருக்கு நேர் நடந்த வாட்போரில் சம்புவராயர் மாள்கிறார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மதுரையை மீட்கப் புறப்பட்ட படையெடுப்பில் முதலில் விழுந்தவர் ஒரு தமிழ்ச் சிற்றரசர். தொண்டை மண்டலத்தில் பல தலைமுறையாக ஆண்ட குடி அது. கங்காதேவி அந்த வெற்றியைக் கணவரின் புகழாகவே பாடுகிறார், தோற்றவருக்காக வருந்தவில்லை. அரசகுலத்துப் பெண் எழுதிய காவியம் அரசின் கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கும். தமிழ்நாட்டை மீட்ட காவியம் என்று மட்டும் இதைச் சொல்பவர்கள் நான்காம் சர்க்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அப்படிப் படிப்பது அவருக்கும் நியாயம் அன்று, நமக்கும் நியாயம் அன்று.

போருக்குப் பின் கம்பணர் காஞ்சியைத் தலைமையாகக் கொண்டு தொண்டை நாட்டை ஆண்டார். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் சுவரில் அவர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். குமார கம்பண உடையார் என்று அவர் பெயர் நம் மொழியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாவது முதல் ஏழாவது வரையுள்ள சர்க்கங்கள் இந்தக் காலத்து அரண்மனை வாழ்க்கையைச் சொல்கின்றன. பருவங்கள் மாறுகின்றன, சோலை விளையாட்டும் நீராட்டும் நடக்கின்றன. கணவருக்குத் தேவியர் பலர் என்பதை அவர் மறைக்கவில்லை. மகாகாவியத்தின் இலக்கணம் கேட்கும் வருணனைகள் இவை என்றாலும், உள்ளே வாழ்ந்தவரின் கை இவற்றில் தெரிகிறது. ஏழாம் சர்க்கத்தில் அந்திப்பொழுதும் நிலவும் வருகின்றன. அங்கே கம்பணர் தம் தேவியைப் பார்த்து, இந்தக் காட்சியை நீயே வருணி என்று கேட்கிறார். கங்காதேவி தாம் எழுதும் காவியத்துக்குள் தாமே வந்து கவி சொல்கிறார். கவிஞர் என்ற மதிப்பைக் கணவரிடமிருந்து பெற்ற ஒரு மாலைப்பொழுதை அவர் காவியத்துக்குள் பத்திரப்படுத்தி வைத்தார் என்றே நான் அதைப் படிக்கிறேன். அரசிக்குப் பதிலாக அரண்மனைப் புலவர் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார் என்று அவ்வப்போது சிலர் சொல்வதுண்டு. அவர்களை இந்தச் சர்க்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் வலிக்கிறது. காஞ்சியில் வாழ்ந்தவர், தமிழ் மண்ணைப் பற்றியே காவியத்தின் உயிரான பகுதியைப் பாடியவர், தாம் வணங்கிய கவிஞர் வரிசையில் ஒரு தமிழ்க் கவிஞரையும் சேர்க்கவில்லை. தெலுங்குத் திக்கனருக்குக் கிடைத்த இடம் கம்பருக்கோ ஆழ்வார்களுக்கோ கிடைக்கவில்லை. காஞ்சியோடு தொடர்புடைய தண்டியைப் போற்றுகிறார், ஆனால் அவர் வடமொழி ஆசிரியர். கங்காதேவியின் கல்வி வாரங்கல் வழியாக வந்தது, தமிழ் அந்த வழியில் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாகத் தமிழும் தெலுங்கும் சுவரோடு சுவராக வாழ்ந்தும், ஒரு மொழியின் கவிஞர் மற்ற மொழிக்காரர் வீட்டு அலமாரிக்குள் போவது எவ்வளவு அரிது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஆனாலும் தமிழ் அவருடைய காவியத்துக்குள் வேறு வாசல் வழியாக வந்துவிடுகிறது. எட்டாம் சர்க்கத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் கம்பணரிடம் வந்து, தெற்கே நாடு கெட்டுக் கிடக்கும் நிலையைச் சொல்லி அழுகிறாள். பிறகு பாண்டியர் குலத்தில் வழிவழியாக வந்த தெய்வ வாளை அவரிடம் கொடுக்கிறாள். பாண்டியரின் வலிமை குன்றியதால் அகத்திய முனிவர் அதைக் கம்பணருக்கு அனுப்பியதாகக் கதை. தமிழுக்கு உரிய முனிவரும் மதுரைக்கு உரிய அரசகுலமும் சேர்ந்து ஒப்படைத்தாலொழியத் தம் கணவருக்கு அந்த மண்ணில் உரிமை வராது என்பதைக் கங்காதேவி உணர்ந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் புலம்பல்தான் காவியத்தின் சிகரம். கோயில் கதவுகளைப் பூச்சி அரித்துவிட்டது. மண்டபத்துக் கல் இடுக்குகளில் புல் முளைத்திருக்கிறது. கருவறைகள் சரிந்து கிடக்கின்றன. மத்தளம் முழங்கிய இடத்தில் நரி ஊளையிடுகிறது. காவிரி தன் பழைய கரையை உடைத்துக்கொண்டு தகாத வழியில் பாய்கிறது. மதுரைச் சோலையின் தென்னைகளை வெட்டிச் சாய்த்துவிட்டு, அங்கே மனிதத் தலைகள் கோத்த கழுமரங்களை நட்டிருக்கிறார்கள். திருவரங்கத்தைப் பற்றி ஒரு பாட்டு: மேற்கூரையிலிருந்து செங்கல் ஒவ்வொன்றாக விழுகிறது, அறிதுயிலில் இருக்கும் பெருமாளின் உறக்கம் கலைந்துவிடுமோ என்று அஞ்சி, ஆதிசேஷன் தன் படத்தை விரித்து அந்தக் கற்களைத் தடுக்கிறான். அரங்கநாதரின் படுக்கையான பாம்பு அங்கே இடிபாட்டுக்கு நடுவே காவலாளியாகிவிட்டது. பேரழிவைச் சொல்வதற்கு ஒரு செங்கல்லும் ஒரு பாம்பின் பதற்றமும் போதும் என்று தெரிந்த கவிஞர் அவர்.

அதே சர்க்கத்தில் ஒரு கிளிப்பாட்டு உண்டு. பாழடைந்த சோலைகளில் ஆந்தைகள் அலறுவதுகூட என் நெஞ்சை அவ்வளவு வருத்தவில்லை. யவனர் வீடுகளில் பாரசீகம் பேசப் பழகிய கிளிகளின் குரல்தான் வருத்துகிறது என்கிறாள் அந்தப் பெண். இங்கே யவனர் என்பது மதுரைச் சுல்தான்களின் ஆட்களைக் குறிக்கிறது. கிளி என்றால் மதுரை மீனாட்சியின் கையில் இருப்பது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. அது வேறு மொழியைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினால் ஊர் கைமாறிவிட்டது என்று பொருள். மொழியைக் காதால் அளந்தவருக்கே இந்த வலி தோன்றும்.

இந்தப் பாட்டை இன்று சிலர் பகை வளர்க்க எடுத்துக் காட்டுகிறார்கள். அது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அதனால் இரண்டு செய்திகளை இதனோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் நடந்த கொடுமைக்குக் கங்காதேவி மட்டும் சாட்சி அல்லர். 1340களில் அங்கே தங்கிய இபின் பதூதா என்ற பயணி, மதுரைச் சுல்தான் கியாசுதீனுக்குச் சகலை முறை. இருவரும் மதுரைச் சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுதீன் ஆசான் கானின் பெண்களை மணந்தவர்கள். அந்த உறவுக்காரரே, அந்த மதத்தவரே, சுல்தான் மக்களைக் கழுவேற்றிய கொடுமையைக் கண்டித்து எழுதி வைத்திருக்கிறார். கொடுமை ஓர் ஆட்சியினுடையது. அதைக் கண்டு பொறுக்காதவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். இன்னொன்று, கங்காதேவியின் மாமனார் புக்கருக்குக் கல்வெட்டுகளில் 'இந்து ராய சுரத்ராண' என்ற பட்டம் உண்டு. சுரத்ராண என்பது சுல்தான் என்ற சொல்லின் வடமொழி வடிவம். கிளி பாரசீகம் பேசுவதைக் கேட்டு வருந்திய மருமகள், அயல்மொழிப் பட்டத்தைப் பெருமையாகச் சூடிய வீட்டில்தான் வாழ்ந்தார். நான்கு மொழிகளின் சந்தியில் வாழ்பவர்கள் எதை ஏற்பார்கள், எதை வெறுப்பார்கள் என்பதற்கு நேர்க்கோடு கிடையாது. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது?

ஒன்பதாம் சர்க்கத்தில் கம்பணர் சுல்தானைப் போரில் வெல்கிறார். காவியத்தை நாட்குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மதுரைச் சுல்தான்களின் நாணயங்கள் 1377-78 வரை கிடைப்பதால், அந்த அரசு ஒரே நாளில் ஒரே வாள்வீச்சில் முடிந்துவிடவில்லை. ஆனால் வெளியூரில் ஒதுங்கியிருந்த திருவரங்கத்து உற்சவப் பெருமாள் 1371இல் ஊர் திரும்பியது உறுதியான செய்தி. கம்பணரின் அதிகாரியான கோபண்ணர் திருமலையிலிருந்து அந்தத் திருமேனியைச் செஞ்சிக்கு எடுத்துப் போய், அங்கிருந்து திருவரங்கம் சேர்த்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. திருமலைக் கோயிலுக்குள் ரங்கநாயகர் மண்டபம் என்று ஒன்று இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெருமாள் ஒதுங்கியிருந்த இடமாக அதையே சொல்கிறார்கள். செங்கல் விழும் அந்தப் பாட்டைப் படித்த பிறகு அந்த மண்டபத்தைச் சும்மா கடந்து போக என்னால் முடிந்ததில்லை.

கங்காதேவிக்குப் பிறகு இந்த மரபு அறுந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அச்சுதராயரின் அவையில் திருமலாம்பாவும், 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கரின் அவையில் ராமபத்ராம்பாவும் வடமொழிக் காவியங்கள் செய்தார்கள். ஆனால் முன்னோடியான கங்காதேவியின் நூல் மட்டும் வெகுகாலம் வெளியே தெரியாமல் கிடந்தது. 1916இல் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் சுவடிச் சேகரத்தில் பண்டிதர் ராமஸ்வாமி சாஸ்திரியார் அதைக் கண்டெடுத்தார். தொடர்பில்லாத இரண்டு நூல்களுக்கு நடுவே ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்த ஓலைகள் அவை. 1924இல் திருவனந்தபுரத்திலேயே அச்சாயிற்று. ஓலை சிதைந்திருந்ததால் பல இடங்களில் பாட்டுகள் பாதியில் நிற்கின்றன. வாரங்கல் கல்வியும் விஜயநகர வாழ்வும் காஞ்சி அனுபவமும் சேர்ந்து உருவான காவியத்தைக் கடைசியில் காப்பாற்றிக் கொடுத்தது மலையாள நாடு.

ஆகவே எந்த நாட்டு அரசி என்ற உங்கள் கேள்விக்கு, தெலுங்குக் கல்வியில் வளர்ந்து, கன்னட அரண்மனையில் வாழ்ந்து, தமிழ் மண்ணுக்காக வடமொழியில் அழுதவர் என்று எழுதிக்கொள்ளுங்கள். நூலைத் தொடங்க விரும்பினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1957இல் வெளியிட்ட பதிப்பைத் தேடுங்கள். திருவேங்கடாசாரியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. முதலில் எட்டாம் சர்க்கம், பிறகு கவிஞர்களை வணங்கும் பாட்டுகள், அதற்குப் பிறகு நான்காம் சர்க்கம் என்ற வரிசை எனக்குப் பலன் தந்தது. நான்காம் சர்க்கத்துக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கி விரிஞ்சிபுரம் போய்வாருங்கள். பலமநேரிலிருந்து இறங்கினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கோயிலைப் பார்த்துவிட்டுப் பாலாற்றங்கரைக்கு வாருங்கள். பெரும்பாலும் மணல்தான் இருக்கும். படை ஆற்றைக் கடக்கும் பாட்டுகளை அங்கே உட்கார்ந்து உரக்கப் படியுங்கள்.